கடைத்தெருவில் வண்டி நிறுத்த இடம்

நமது மாநிலத்தின் எந்தச் சிறு நகரத்தை எடுத்துக்கொண்டாலும் அதனைச் சுற்றிப் பல கிராமங்கள் அதையே நம்பி நிற்பதைக் காணலாம். உரமும் விதையும் வாங்குவதற்கும், நகையை அடகு வைப்பதற்கும் மீட்பதற்கும், பத்திரம் பதிவு செய்வதற்கும், மருத்துவரைக் காண்பதற்கும், எரிந்துபோன பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுவதற்கும் கிராம மக்கள் வந்து சேருமிடம் அந்நகரத்தின் கடைத்தெருவேயாகும். ஆகவே அத்தெருவில் வண்டி நிறுத்த இடம் கிடைக்கின்றதா என்பது நகரவாசிகளின் வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமன்று. பத்துக் கல் தொலைவிலிருந்து வருகின்ற உழவரின் ஒரு நாள் வேலையைப் பற்றிய கேள்வியுமாகும்.

உழவர் ஒருவர் மொபெட்டில் உரக்கடைக்கு வருகிறார் எனக் கொள்வோம். கடையின் முன்னே வண்டிகள் நெருக்கமாக நிற்கின்றன. தெருவை இருமுறை சுற்றிய பின் தெருக்கோடியில் ஒரு சந்தில் வண்டியை விட்டுவிட்டு நடந்து வருகிறார். யூரியா மூட்டையின் எடை 2018-ஆம் ஆண்டில் 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைக்கப்பட்டது உண்மையே. ஆயினும் 45 கிலோவைத் தோளில் ஏற்றிக்கொண்டு நெரிசலின் ஊடே முந்நூறு அடி நடப்பது எளிதன்று. ஆகையால் அவர் மறுமுறை வரும்போது அவ்வாறு செய்வதில்லை. நிற்கும் வண்டிகளுக்கு வெளியே இரண்டாம் வரிசையாகத் தம் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டுக் கடைக்குள் செல்கிறார். அதனால் மினி பஸ் நிற்கிறது. மினி பஸ்ஸின் பின்னால் 108 ஆம்புலன்ஸும் நிற்கிறது. அவரைக் கடிந்து பயனில்லை. மூட்டையைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அவர் செய்ததன் காரணம் விளங்கும்.

இந்நிலை முற்றும்போது பேரூராட்சி மன்றத்தில் முறையீடு எழுகிறது. முறையீட்டுக்கு விடையாக முதலில் தோன்றும் யோசனை புதிய இடம் தேடுவதே. நகரத்தின் நடுவே காலியாகத் தென்படும் நிலம் எது? பெரும்பாலும் அது ஊருணிக் கரையாக இருக்கும். அன்றேல் வாரச் சந்தைத் திடலாக இருக்கும். அன்றேல் தரைக்கடைக்காரர்கள் கூடையும் சாக்கும் விரித்து அமரும் நிழலாக இருக்கும். ஊருணியைத் தூர்த்தால் சுற்றியுள்ள கிணறுகள் அதனை அறியும். ஏரி குளங்களைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கென 2007-ஆம் ஆண்டில் தனிச் சட்டமே இயற்றப்பட்டிருக்கும் மாநிலம் நம்முடையது. சந்தைத் திடலில் வண்டிகளை நிறுத்திவிட்டால் சந்தை தெருவுக்கு வரும். அதனால் தெரு முன்னிலும் குறுகும். இவ்வளவு விலை கொடுத்து இடம் தேடுமுன், இருக்கின்ற இடம் எவ்வாறு பயன்படுகிறது என்பதைக் கணக்கிட்டு அறிவதே முறையாகும். அவ்வாறு கணக்கிடும் வகையை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கம்.

வண்டிப்பேட்டை கற்பிப்பது

இத்தொல்லை மோட்டார் வாகனத்தோடு பிறந்ததன்று. மாட்டு வண்டிகள் நிரம்பிய காலத்திலும் கடைத்தெரு அடைபட்டதுண்டு. அதற்கென ஊர்தோறும் வண்டிப்பேட்டை ஏற்பட்டது. பேட்டையில் மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி இருக்கும். மர நிழல் இருக்கும். வண்டிக்காரர் தலை சாய்க்கத் திண்ணையோ கொட்டகையோ இருக்கும். வண்டிக்கு இவ்வளவு என்று சிறு கட்டணம் வாங்குவார்கள். அதை வசூலிக்கும் உரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்படும்.

1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டமும் அதன் திருத்தங்களும் இவ்விஷயத்தில் கையாண்ட முறை கவனிக்கத்தக்கது. நகராட்சி பொது வண்டிப்பேட்டை அமைக்கலாம். அவ்வாறு அமைத்த பின்னர், அதிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்குள் தெருவின் ஓரங்களை வண்டி நிறுத்தப் பயன்படுத்தலாகாது என்று தடை விதிக்கலாம். முதலில் இடம் தருதல், பின்னர் தடை செய்தல் என்னும் வரிசையை நாம் மறத்தலாகாது. இன்று பல ஊர்களில் வரிசை தலைகீழாக இருக்கக் காண்கிறோம். ‘வாகனம் நிறுத்தாதீர்’ என்னும் பலகை முதலில் வருகிறது. எங்கே நிறுத்துவது என்னும் பலகை வருவதேயில்லை.

பேருந்துகள் பெருகிய பின் பேட்டைகள் பல பேருந்து நிலையங்களாகவும் கடை வளாகங்களாகவும் மாறின. பேட்டை என்ற பெயர் மட்டும் தெருப்பெயரில் நிற்கிறது. 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தை 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023-ஆம் ஆண்டில் பெற்றுவிட்டது. எனினும் பேட்டைக்காரர் அறிந்திருந்த ஓர் உண்மை பழையதாகவில்லை: நிழலும் தண்ணீரும் இல்லாத பேட்டைக்கு எந்த வண்டிக்காரரும் தாமாகச் செல்ல மாட்டார். இன்றைய மொபெட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டியதில்லை. ஆனால் வெயிலில் நின்ற வண்டியின் இருக்கையில் மாலையில் உட்கார்ந்தவர் நிழலின் அருமையை அறிவார்.

நாள் முழுதும் நிற்கும் வண்டி

கடைத்தெருவின் இடப் பஞ்சத்துக்குக் காரணத்தைக் கண்டறிந்து மருந்தும் கண்ட ஊர்களில் முதலாவதாக அமெரிக்க நாட்டின் ஒக்லஹோமா நகரைச் சொல்லலாம். அது நம் பேரூராட்சிகளைக் காட்டிலும் மிகப் பெரியது. ஆயினும் நோய் ஒன்றேதான். 1930-களில் அந்நகரத்தின் கடைப்பகுதியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் வாடிக்கையாளர் திரும்பிச் செல்லலாயினர். ஆராய்ந்து பார்த்தபோது, அவ்விடங்களைக் காலையிலேயே பிடித்துக்கொண்டு மாலைவரை விடாதிருந்தவர்களில் பெரும்பாலோர் அப்பகுதியின் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்தவர்களே என்பது புலனாயிற்று. செய்தித்தாள் ஆசிரியராகிய கார்ல் மகீ என்பவர் வணிகர் சங்கத்தின் போக்குவரத்துக் குழுவுக்குத் தலைமை ஏற்றிருந்தார். காசு போட்டால் குறித்த நேரம் வரை ஓடும் கடிகாரக் கருவி ஒன்றை ஒவ்வோர் இடத்திலும் நாட்டலாம் என்பது அவரது யோசனை. பொறியியற் பேராசிரியர்களின் உதவியால் அக்கருவி உருவாயிற்று. 1935-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் அது முதன்முதலாக அந்நகரத் தெருவில் நடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் 5 சென்ட். தெருவில் நிற்கக் காசா என்று முணுமுணுத்தவர் பலர். ஆனால் வண்டிகள் விரைவாக வந்து போனதால் வாடிக்கையாளர் பெருகவே, கடைக்காரர்கள் அதை விரும்பத் தொடங்கினர்.

நமது கடைத்தெருவிலும் காலை ஒன்பது மணிக்கே இடம் நிரம்பிவிடுகிறது. அவ்வேளையில் வாங்க வந்தோர் எத்தனை பேர்? கடைக்காரர் தம் வண்டியைக் கண்பார்வையில் இருக்கட்டும் என்று கடை வாசலிலேயே நிறுத்துகிறார். அவரிடம் வேலை செய்வோரின் வண்டிகள் அதனருகே நிற்கின்றன. வங்கியிலும் அலுவலகத்திலும் பணி புரிவோர் அடுத்து வருகின்றனர். இவர்களன்றி, பேருந்து நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில் கட்டணம் கொடுப்பானேன் என்று கருதிக் கடைத்தெருவில் வண்டியைப் பூட்டிவிட்டு, வெளியூர் வேலைக்குப் பஸ் ஏறிச் செல்வோரும் உண்டு. இவர்களில் யாரும் குற்றவாளியல்லர். ஒவ்வொருவருக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லோரும் சேர்ந்து, எவரை நம்பிக் கடைத்தெரு நடக்கிறதோ அவருக்கு இடமில்லாமற் செய்துவிடுகின்றனர்.

இதைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். 200 மீட்டர் நீளமுள்ள தெருவின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்க. சந்து வாயில்கள், கோயில் வாசல், மின்மாற்றி, பேருந்து நிற்குமிடம் ஆகியவற்றுக்கு 50 மீட்டரை விட்டுவிட்டால் 150 மீட்டர் எஞ்சும். இரு சக்கர வண்டி ஒன்றுக்கு ஒரு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் நீளமும் வேண்டும். ஆகவே 150 வண்டிகள் நிற்கலாம். கார்களாயின், தெருவை ஒட்டி நீளவாக்கில் நிற்க ஒன்றுக்கு ஏறத்தாழ 6 மீட்டர் தேவை. 25 கார்களே நிற்கும். ஒரு கார் நிற்குமிடத்தில் ஆறு மொபெட்டுகள் நிற்கும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நலம்.

கடைக்கு வருபவர் ஒருவர் சராசரியாக 40 நிமிடம் தங்குகிறார் எனில், பத்து மணி நேரத்தில் ஓரிடம் 15 பேருக்குப் பயன்படும். 150 இடங்களும் அவ்வாறு பயன்பட்டால் நாளொன்றுக்கு 2,250 வண்டிகள் வந்து போகலாம். அவற்றுள் 60 இடங்களில் நாள் முழுதும் நிற்கும் வண்டிகள் இருப்பின், எஞ்சிய 90 இடங்களில் 1,350 வண்டிகளுக்கே இடமுண்டு. அறுபது பேருடைய வசதிக்காகத் தொள்ளாயிரம் பேர் திரும்பவோ, தெருவை அடைக்கவோ நேர்கிறது. அந்த அறுபது வண்டிகளைப் பின்தெருவுக்கு மாற்ற எவ்வளவு நிலம் வேண்டும்? வண்டிகளுக்கு 120 சதுர மீட்டர்; நடைவழிக்கு மேலும் அவ்வளவு. மொத்தம் ஏறத்தாழ 6 சென்ட் நிலம். இதற்கு ஊருணியைத் தூர்க்க வேண்டியதில்லை.

இவ்வெண்கள் கணக்கு விளங்குவதற்காக நாம் கொண்டவை. தத்தம் ஊரின் உண்மை எண்களை அவ்வூராரே எடுக்க வேண்டும்.

கணக்கெடுக்கும் முறை

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் எண்மர், காகிதம், பென்சில், ஒரு சுண்ணாம்புக் கட்டி ஆகியவை போதும். முதல் நாள் மாலையில் தெருவைப் பத்து மீட்டர் கொண்ட பகுதிகளாக அளந்து, ஒவ்வொன்றுக்கும் எண் இட்டுத் தரையில் குறித்துவிட வேண்டும். மறுநாள் காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை அரைமணிக்கு ஒருமுறை தெருவின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் நடக்க வேண்டும். ஒருவர் நிற்கும் வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்களைப் படிக்க, மற்றவர் அந்தந்தப் பகுதிக்குரிய கட்டத்தில் எழுதிக்கொள்வார். நண்பகலுக்குப் பின் வேறு நால்வர் அப்பணியை ஏற்கலாம். வண்டி யாருடையது என்று விசாரிக்கவோ பெயரை எழுதவோ கூடாது. இது கணக்கெடுப்பேயன்றிக் காவல்துறையின் வேலையன்று. அந்த ஐயம் ஒருமுறை எழுந்துவிட்டால் மறுநாள் தெரு வழக்கம்போல் இராது.

எந்த நாளில் எடுப்பது என்பது முக்கியமானது. போச்சம்பள்ளி போன்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையன்று காணும் தெரு வேறு, செவ்வாயன்று காணும் தெரு வேறு. மணப்பாறையில் புதன்கிழமையை விட்டுவிட்டு எடுத்த கணக்கு பாதிக் கணக்கேயாகும். ஆதலால் சந்தை நாள் ஒன்றிலும் சாதாரண நாள் ஒன்றிலுமாக இருமுறை எடுக்க வேண்டும். முகூர்த்த நாளையும் பண்டிகைக்கு முந்திய வாரத்தையும் தவிர்த்தல் நன்று. ஆண்டில் பத்து நாள் நெரிசலுக்காக முந்நூற்றைம்பது நாளும் வெறுமையாகக் கிடக்கும் இடத்தை அமைக்கலாகாது.

அரைமணிச் சுற்றில் ஒரு குறை உண்டு. சுற்று முடிந்தவுடன் வந்து, அடுத்த சுற்றுக்குள் போய்விடும் வண்டி தாளில் ஏறாது. மருந்துக்கடைக்கு வருவோர் பெரும்பாலும் இவ்வகையினரே. எனவே முற்பகலில் ஒரு மணி நேரமாவது ஒரு மாணவரை மருந்துக்கடை முன்னே நிறுத்தி, வந்து போகும் வண்டிகளைத் தனியே எண்ணச் செய்ய வேண்டும். வேறொரு மாணவர் இரண்டு மூன்று கடைகளின் வாயிலில் நின்று, உள்ளே வருவோரில் நடந்து வந்தவர் எத்தனை, பேருந்தில் வந்தவர் எத்தனை, இரு சக்கர வண்டியில் வந்தவர் எத்தனை, காரில் வந்தவர் எத்தனை என்று கேட்டுக் குறிக்கலாம். வாசலில் கார் நின்றால்தான் வியாபாரம் என்று எண்ணியிருக்கும் கடைக்காரருக்கு இத்தாளைக் காட்டுவது நாம் செய்யும் எந்தச் சொற்பொழிவினும் பயன் தரும்.

தாள்களை விரித்துப் பார்த்தால் ஒரே எண் ஒரே கட்டத்தில் எட்டு முறை, பத்து முறை தொடர்ந்து வருவது கண்ணுக்குப் புலனாகும். அவையே நாள் முழுதும் நிற்கும் வண்டிகள். எந்த நேரத்தில் எந்தப் பகுதி நிரம்பியிருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்பதும் தெரியும். கடைத்தெருவின் நடுப்பகுதி வழிந்தோடும்போது இரு கோடிகளும் பாதிக்கு மேல் காலியாக இருப்பதைக் கண்டால் வியப்படைய வேண்டாம். இத்துறையில் நெடுங்காலம் ஆராய்ந்து 2025-ஆம் ஆண்டில் காலமான கலிபோர்னியாப் பேராசிரியர் டொனால்டு ஷூப், தெருவோர இடங்களில் 85 விழுக்காடு நிரம்பி எஞ்சியவை காலியாக இருப்பதே ஏற்ற நிலை என்று எடுத்துக் காட்டினார். ஏழு இடங்களில் ஆறு நிரம்பி ஒன்று காலியாக இருத்தல் என்று நாம் அதனை நினைவில் வைக்கலாம். அந்த ஓரிடம் இருந்தால் வருபவர் சுற்ற வேண்டியதில்லை. இரண்டாம் வரிசையும் உண்டாகாது.

பங்கிடும் வகை

கணக்கு கையில் வந்த பின்னர் முதலில் அழைக்க வேண்டியவர்கள் வணிகர் சங்கத்தாரே. தம் வண்டியையும் தம் ஆட்களின் வண்டிகளையும் இருநூறு மீட்டர் தள்ளி நிறுத்த அவர்கள் ஒப்பினால் வேலையில் பாதி முடிந்தது. அதற்குரிய இடம் பின்தெருவிலோ, வார நாள்களில் வெறுமையாக உள்ள கல்யாண மண்டபத்தின் வளாகத்திலோ இருக்கும். மண்டபத்தாருடன் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். ஆனால் அங்கே கூரையும் விளக்கும் ஒரு காவலாளும் இல்லாமல் ‘போய் நிறுத்துங்கள்’ என்று சொன்னால் எவரும் போகார். இரவு ஒன்பது மணிக்குத் துணிக்கடையில் வேலை முடித்து வரும் பெண்கள் இருட்டில் வண்டியைத் தேட வேண்டுமெனில் அது முறையான ஏற்பாடன்று.

சரக்கு இறக்கும் லாரிகளுக்கும், மக்கள் ‘குட்டி யானை’ என அழைக்கும் சிறு சரக்கு வண்டிகளுக்கும் காலை ஒன்பது மணிக்கு முன்னும் பிற்பகலில் ஓரிரு மணி நேரமும் ஒதுக்கலாம். மருந்துக்கடை, உரக்கடை, வங்கி ஆகியவற்றின் முன்னே சில இடங்களை இருபது நிமிடத்துக்கு மட்டும் என்று வண்ணக்கோடிட்டு விடலாம். மாற்றுத் திறனாளிகளின் வண்டிக்குச் சரிவுப் பாதையை ஒட்டி இடம் விடுவது கட்டாயம். புதிதாகக் கட்டப்படும் வணிக வளாகங்கள் தமக்குரிய வண்டி நிறுத்தத்தைத் தம் மனைக்குள்ளேயே அமைக்க வேண்டும் என்று 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகள் கூறுகின்றன. வரைபடத்தில் வண்டி நிறுத்தமாக இருந்தது பின்னர் கிடங்காக மாறியிருக்கும் கட்டடங்கள் எத்தனை என்பதை அந்தந்த ஊரார் அறிவர். அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் துணையும் உண்டு. வண்டி நிறுத்தும் இடங்களைக் குறிக்க 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 117-ஆம் பிரிவில் வழி செய்கிறது. தடை செய்த இடத்தில் நிற்கும் வண்டியையும், பொது இடத்தில் பத்து மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று விடப்பட்ட வண்டியையும் அகற்ற 127-ஆம் பிரிவு இடந்தருகிறது. ஆயினும் வண்டியைத் தூக்கிச் செல்வது கடைசி மருந்தாக இருக்கட்டும்.

கட்டணம் வசூலிக்கலாமா என்னும் கேள்வி எப்போதும் எழும். சிறு நகரத்தில் கால வரம்பும் கண்காணிப்பும் போதுமானவை என்பதே நமது கருத்து. அவை பயன்படாதபோது, முதல் அரைமணிக்கு இலவசம் என்று வைத்து, அதற்குமேல் நிற்பவரிடம் மட்டும் கட்டணம் பெறலாம். மூட்டை ஏற்றிச் செல்பவர் அதனால் பாதிக்கப்படார். ஆனால் பணம் எங்கே போகிறது என்பது மக்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கலிபோர்னியாவிலுள்ள பசடேனா நகரத்தின் பழைய கடைப்பகுதியில் 1993-ஆம் ஆண்டு வரை கட்டணம் இல்லை. இரண்டு மணி நேர வரம்பு மட்டும் இருந்தது. வரம்பு இருந்தும் நல்ல இடங்களைக் கடைப் பணியாளர்களே பிடித்துக்கொண்டனர். கட்டணம் வைக்க முனைந்தபோது வணிகர்கள் எதிர்த்தனர். வசூலாகும் தொகையை அந்தத் தெருக்களின் நடைபாதைக்கும் விளக்குக்கும் மரத்துக்கும் துப்புரவுக்குமே செலவிடுவதாக நகரவை வாக்களித்த பின்னரே அவர்கள் இணங்கினர். பாழடைந்திருந்த அப்பகுதி பின்னர் செழித்தது. நம் கடைத்தெருவிலும் வசூலான பணத்தில் பெண்களுக்கு ஒரு சுத்தமான கழிப்பிடம் எழுமானால், கட்டணத்தைப் பற்றிய முணுமுணுப்பு பெரிதும் அடங்கும். வசூலை ஏலத்தில் விடுவதாயின், எந்தத் தெருவில் எவ்வளவு என்பதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். பலகை இல்லாத இடத்தில் ஒரு ரூபாய் ஐந்து ரூபாயாகும்.

தரைக்கடைக்காரர்களை அகற்றிவிட்டு அவ்விடத்தில் வண்டி நிறுத்தலாம் என்பவர்களுக்கு ஒன்று கூறுவோம். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் உறுப்பினருள் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாதோர் அவ்வியாபாரிகளே. அக்குழுவைக் கலந்துகொள்ளாமல் செய்யும் ஏற்பாடு சட்டத்துக்குப் பொருந்தாது. அன்றியும், கீரைக் கட்டுடன் அமர்ந்திருக்கும் மூதாட்டி பிடிக்கும் இடம் ஒரு காரின் இடத்தில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. அவரிடம் வந்து வாங்கிப் போவோரோ நாளொன்றுக்கு எத்தனையோ பேர்.

கணக்குத் தாள்களையும் ஏற்பாட்டின் வரைபடத்தையும் 2022-ஆம் ஆண்டு முதல் நகர்ப்புற ஊர்களில் கூடிவரும் பகுதி சபையில் வைத்துப் படிக்கலாம். சுற்றுக் கிராமத்தார் அச்சபையில் உறுப்பினர் அல்லராதலால், அருகிலுள்ள ஊராட்சிகளின் தலைவர்களுக்கும் ஒரு படி அனுப்புதல் வேண்டும். ஏற்பாடு தொடங்கி மூன்று மாதம் கழிந்ததும், அதே கிழமையில், அதே நேரங்களில், அதே கட்டங்களில் மீண்டும் ஒருமுறை எண்ண வேண்டும். சுண்ணாம்புக் குறி அதற்குள் அழிந்துபோயிருக்கும்; ஆகையால் முதல் முறையே அளவுகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலுவலகத்தில் வைத்துக்கொள்க.